விண்ணோடத்தின் வயிற்றில் டீக்கால் ஒட்டிய கதை

நாசாவின் டிஸ்கவரி விண்ணோடத்தை (ஸ்பேஸ் ஷட்டில்) 144இல் ஒரு பங்காகச் சுருக்கிய 1/144 மாடல் ஒன்று இப்போது என் மேசையில் மல்லாக்கக் கிடக்கிறது. பாகங்களை ஒட்டி, இடைவெளிகளில் புட்டி வைத்து அடைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்து முடிக்க மூன்று வாரம் ஆனது. வயிற்றுப் பக்கத்துக்கு டீக்கால் ஒட்ட மட்டும் ஐந்து வாரம். நடுவில் ஒருமுறை எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு நான்கு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. இவ்வளவு நேரம் எதில் போனது, எங்கே சறுக்கியது, எப்படிச் சரிசெய்தேன் என்பதையெல்லாம் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஒரு பெரிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மூலையில் தொடங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் யாருக்காவது இது உதவட்டும்.

இந்தப் பக்கம் வராதவர்களுக்காக ஒரு வரி. டீக்கால் என்பது ஸ்டிக்கர் இல்லை. ஒரு காகிதம், அதன் மேல் தண்ணீரில் கரையும் பசை, அதற்கும் மேல் அச்சோடு கூடிய மிக மெல்லிய படலம். தண்ணீரில் நனைத்தால் பசை இளகும், படலம் காகிதத்தை விட்டு நழுவும், அப்படியே மாடலின் மேல் தள்ளிவிட வேண்டும். சமதளமான இறக்கையில் ஒரு கொடியோ எண்ணோ ஒட்டுவதென்றால் முதல் மாடலிலேயே யாருக்கும் கைவந்துவிடும். டீக்கால் பெரிதாக இருந்தால் சிரமம், இரண்டு திசையிலும் வளைந்த இடத்தில் ஒட்ட வேண்டுமென்றால் சிரமம், அடியில் மேடு பள்ளம் இருந்தால் சிரமம். விண்ணோடத்தின் வயிற்றில் இந்த மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன.

இந்தக் கிட்டின் பிளாஸ்டிக்கில் வயிற்றுப் பக்கம் வழவழப்பாகத்தான் வந்தது. வெறுமனே கறுப்பு அடித்தும் விட்டுவிடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. நிஜ விண்ணோடத்தின் அடிப்பக்கப் படங்களைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். அது ஒரே கறுப்பாக இருக்காது. ஒவ்வொன்றும் சுமார் 15 சென்டிமீட்டர் சதுரமுள்ள வெப்பக்காப்பு ஓடுகள் வரிசை வரிசையாக, சில சாம்பல் படிந்து, சில வெளுத்து, சமீபத்தில் மாற்றியவை மட்டும் மைக்கறுப்பாக இருக்கும். ஒரு விண்ணோடத்தின் மேல் சுமார் 24,000 ஓடுகள். 1984இல் முதன்முதலாகப் பறந்து 2011இல் கடைசியாகத் தரையிறங்கும்வரை டிஸ்கவரி 39 முறை போய்வந்தது. அந்த ஒவ்வொரு பயணத்தின் தழும்பும் வயிற்றில்தான் இருக்கிறது. அதைக் கறுப்புப் பெயிண்டால் மூடிவிட்டால் மாடல் செய்ததில் பாதி அர்த்தம் போய்விடும் என்பது என் எண்ணம். அதனால் தனியாக விற்கும் ஓடு டீக்கால் தாள் ஒன்றை வாங்கினேன். 37 மீட்டர் விண்ணோடம் இந்த அளவில் 26 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அப்படியென்றால் ஒரு ஓடு கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். தாளை விரித்துப் பார்த்தபோது ஒரு மில்லிமீட்டர் கட்டங்கள் ஆயிரக்கணக்கில், நான்கு பெரிய துண்டுகளாக. மூக்குக்கு ஒன்று, நடு வயிற்றுக்கு இடமும் வலமுமாக இரண்டு, பின்பக்க மடிப்புத் தட்டுக்கு ஒன்று.

டீக்காலைத் தொடுவதற்கு முன் இரண்டு வேலை. முதலாவது, அடியில் கறுப்பு அடித்துவிடுவது. டீக்காலே கறுப்புதானே, அடியில் எதற்கு என்று தோன்றும். எங்காவது ஒரு கீறல் விட்டாலும் அங்கே வெள்ளைப் பிளாஸ்டிக் பல்லிளிக்கும். அடியில் அதே நிறம் இருந்தால் கீறல் தெரியாது. பின்னால் இதுதான் என்னைக் காப்பாற்றியது.

இரண்டாவது, கிளாஸ் கோட், அதாவது பெயிண்டின் மேல் அடிக்கும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு. இதைத் தவிர்த்துவிட்டு அவசரப்படுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கும். பளபளப்பில்லாத மேட் பெயிண்டின் மேற்பரப்பு கண்ணுக்குத்தான் வழவழப்பு, உண்மையில் அது உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. அதன் மேல் படலத்தை வைத்தால் மேடுகளின் மேல் மட்டும் உட்கார்ந்து பள்ளங்களில் காற்றை அடைத்துக்கொள்ளும். அந்தக் காற்று வெளிச்சத்தைச் சிதறடிக்க, காய்ந்தபின் பனி படிந்த கண்ணாடி மாதிரி ஒரு வெண்மை தெரியும். சில்வரிங் என்பது அதுதான். அடர்ந்த கறுப்பு அச்சின் அடியில் அது அவ்வளவாகத் தெரியாது, எழுத்துகளைச் சுற்றியுள்ள வெற்றுப் படலத்தில் அப்பட்டமாகத் தெரியும். 1990இல் ஹபிள் தொலைநோக்கியை எடுத்துச் சென்ற காலத்து டிஸ்கவரியைச் செய்கிறேன் என்பதால் இறக்கையில் நாசாவின் புழு எழுத்து வருகிறது. ஆங்கில ஏ எழுத்தில் குறுக்குக்கோடு இல்லாமல் ஒரே கோடாக நெளியும் அந்தச் சின்னம் எனக்கு மிகப் பிடித்தது. 1975இல் வந்து 1992இல் கைவிடப்பட்டது, 2020இல் மறுபடி ஒரு ராக்கெட்டின் பக்கத்தில் வந்து நின்றபோது எவ்வளவு மகிழ்ந்தேன் என்று சொல்லி முடியாது. அந்த எழுத்துகளுக்கு நடுவில் இருப்பது முழுக்க வெற்றுப் படலம். அடியில் பளபளப்பு இல்லையென்றால் அந்த நெளிவே கெட்டுவிடும். சரி, சொல்ல வந்தது இதுதான்: கிளாஸ் கோட்டை மெல்லியதாக இரண்டு மூன்று முறை அடித்து, இரண்டு நாள் தொடாமல் விடுங்கள். நன்றாக இறுகாத கிளாஸ் கோட்டின் மேல் டீக்கால் திரவம் பட்டால் அதுவும் சேர்ந்து இளகும்.

இனி மூக்கு. ஐந்து வாரத்தில் மூன்று வாரம் இங்கேதான் போனது.

ஒரு தாளை உருளையின் மேல் சுற்றலாம், கூம்பின் மேலும் சுற்றலாம், சுருக்கம் விழாது. ஒரு பந்தின் மேல் சுற்றிப் பாருங்கள், எப்படிச் சுற்றினாலும் விளிம்பில் மடிப்பு விழும். தாளைக் கொஞ்சமும் இழுக்காமல் கிழிக்காமல் பந்தின் மேல் படிய வைக்கவே முடியாது என்று கணித மேதை காஸ் (Gauss) 1827இலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். உலக உருண்டையைத் தட்டையான வரைபடமாக்கும்போது ஏதாவது ஒன்று கோணலாவதும் இதனால்தான். விண்ணோடத்தின் மூக்கு கிட்டத்தட்ட ஒரு பந்தின் பகுதி. கையில் இருப்பதோ தட்டையாக அச்சிட்ட படலம். சாஃப்டர் என்ற இளக்கும் திரவத்தை ஊற்றினால் படலம் இளகிக் கொஞ்சம் கொடுக்கும்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அதற்கு மேல் மிஞ்சுகிற படலம் எங்காவது மடிப்பாகப் போய் நிற்கும்.

ஆகவே வெட்டத்தான் வேண்டும். தையல்காரர் சட்டையில் டக் பிடிக்கிற மாதிரி, மிஞ்சுகிற இடத்தில் ஆப்பு வடிவத்தில் வெட்டி எடுத்துவிட வேண்டும். எங்கே வெட்டுவது என்பதுதான் கேள்வி, அதற்கான விடையை நிஜ விண்ணோடத்திடமே கேட்டேன்.

அந்த ஓடுகள் ஏன் ஓடுகளாக இருக்கின்றன? ஒரே தகடாகப் போர்த்தியிருக்கலாமே? திரும்பி வரும்போது வயிற்றின் மேல் சூடு 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அடியில் இருக்கும் அலுமினியத் தோல் 175 டிகிரி வாக்கில்தான் தாங்கும். அலுமினியம் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும், மேலே இருக்கும் சிலிக்கா ஓடு அப்படி விரியாது, வளைத்தால் நொறுங்கும். எனவே சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் அது உட்காரும் இடத்தின் வளைவுக்குத் தகுந்தபடி தனித்தனியாகக் கடைந்து, அடியில் கம்பளி மாதிரி ஒரு மெத்தை வைத்து, ஒன்றுக்கொன்று மெல்லிய இடைவெளி விட்டு ஒட்டினார்கள். வளைந்த உடலை வளையாத பொருளால் மூட அவர்கள் கண்ட வழி இந்த இடைவெளிதான். என் டீக்காலில் அந்த இடைவெளிகள் எல்லாம் ஏற்கெனவே கோடுகளாக அச்சாகியிருக்கின்றன! வெட்ட வேண்டிய இடத்தைத் தாளே காட்டுகிறது. ஓட்டுக் கோட்டின் மேல் பிளேடு போனால் வெட்டு என்றே யாருக்கும் தெரியாது, கோடோடு கோடாகப் போய்விடும்.

இது புரிந்தபின் ஈரக் கையோடு முடிவெடுப்பதை அடியோடு விட்டுவிட்டேன். எங்கே வெட்டு, எந்தத் துண்டு முதலில், எது எதன் மேல் ஏறும், எல்லாம் காய்ந்திருக்கும்போதே தீர்மானமாகிவிட வேண்டும். அதற்கு நான் செய்தது இது. டீக்கால் தாளை அதே அளவில் சாதாரணக் காகிதத்தில் ஐந்தாறு பிரதி எடுத்தேன். மூக்கின் மேல் மாஸ்கிங் டேப்பைச் சின்னச் சின்னப் பட்டைகளாக ஒட்டி, முழுக்க மூடி, நகத்தால் நன்றாக நீவி, நடுக்கோட்டைப் பென்சிலால் குறித்தேன். அப்புறம் விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கீறி, உரித்தெடுத்து, ஒரு கண்ணாடியின் மேல் தட்டையாக ஒட்டினேன். கீறிய இடங்களில் டேப் எவ்வளவு விலகுகிறது, எங்கே ஒன்றன் மேல் ஒன்று ஏறுகிறது என்று பளிச்சென்று தெரிந்தது. அந்த விலகலையும் ஏற்றத்தையும் காகிதப் பிரதியில் குறித்து, பக்கத்தில் இருக்கும் ஓட்டுக் கோட்டுக்கு நகர்த்தி, வெட்டி, மாடலின் மேல் வைத்துப் பார்த்தேன். முதல் பிரதி சரியில்லை. இரண்டாவதில் ஐந்து வெட்டு வந்தது, அதிகம். நான்காவது பிரதியில் மூன்றே வெட்டுகளில் காகிதம் மூக்கின் மேல் அழகாக உட்கார்ந்தது. காகிதம் இளகாது, டீக்கால் இளகும். எனவே காகிதத்தில் ஒத்துவந்தால் டீக்காலில் ஒத்துவரும்.

வெட்டுவதற்குப் புது பிளேடு. பழைய பிளேடு படலத்தை வெட்டாது, இழுக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் கோட்டின் மேலேயே ஒரே இழுப்பு, ஆப்பின் முனை ஓர் ஓட்டின் மூலையில் போய் நிற்கும்படி.

நனைப்பதற்கு முன் இன்னொரு விஷயம். தாளின் ஓரத்தில் தேவைப்படாத ஒரு சின்னம் கண்டிப்பாக இருக்கும். அதை முதலில் நனைத்து, ஏதாவது பழைய பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டி, சாஃப்டர் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு குணம். முன்பு ஒருமுறை வேறொரு விண்கலத்துக்கு நாள்பட்ட தாள் ஒன்றை நேராகத் தண்ணீரில் போட்டேன், படலம் கண்ணாடி உடைகிற மாதிரி துண்டு துண்டாகப் போய்விட்டது. அது வேறெங்கும் கிடைக்காத தாள். ஒரு சின்னத்தைச் சோதித்திருந்தால் முன்கூட்டியே மேலே ஒரு கிளியர் கோட் அடித்து அதைக் காப்பாற்றியிருப்பேன். இன்னும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சரி, ஒட்டும் கட்டம். வெதுவெதுப்பான தண்ணீரில் பதினைந்து இருபது வினாடி, அவ்வளவுதான். தண்ணீரிலேயே மிதக்க விட்டால் பசை முழுக்கக் கரைந்து போய்விடும். வெளியே எடுத்து டிஷ்யூ மேல் வைத்து ஒன்றிரண்டு நிமிடம் காத்திருந்தால் பசை தானாக இளகும். விரல் நுனியால் லேசாகத் தள்ளினால் படலம் நழுவ வேண்டும், நழுவவில்லை என்றால் இன்னும் அரை நிமிடம், வற்புறுத்தக் கூடாது. மாடலின் மேல் முதலில் மைக்ரோ செட் என்ற திரவத்தைத் தடவினேன். வினிகர் வாடை அடிக்கும், பிடிப்பைக் கூட்டும். அப்புறம் காகிதத்தோடு சேர்த்தே படலத்தை மாடலின் மேல் வைத்து, படலத்தை ஈரப் பிரஷ்ஷால் பிடித்துக்கொண்டு காகிதத்தை அடியிலிருந்து உருவினேன். டீக்காலை இழுக்காமல் காகிதத்தை இழுப்பதுதான் பெரிய துண்டுகளுக்கு ஒரே வழி. நடு வயிற்றின் இரண்டு துண்டுகளும் இப்படித்தான் போயின. நடுக்கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக, ஈரப் பிரஷ்ஷை உருட்டி உருட்டித் தண்ணீரை விளிம்புக்குத் தள்ளி, விளிம்பில் டிஷ்யூ முனையை வைத்தால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். இறக்கையின் முன்விளிம்பில் டீக்கால் போடவில்லை. நிஜத்தில் அங்கே ஓடு கிடையாது, ஒரு பக்கத்துக்கு 22 என்று சாம்பல் நிறக் கார்பன் தகடுகள். அதைப் பெயிண்டால் அடித்துவிட்டேன்.

சக்கரக் கதவுகளின் பள்ளக் கோடுகளில் படலம் பாலம் மாதிரி மேலாகவே நின்றது. காய்ந்தபின் பிளேடு முனையால் அந்தக் கோட்டின் வழியே கீறி, மைக்ரோ சால் என்ற இன்னொரு இளக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டதும் இரண்டு பக்கமும் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. ஓரிரு இடத்தில் காற்றுக் குமிழ், ஊசி முனையால் ஒரு குத்து, மேலே ஒரு சொட்டு. இதெல்லாம் எளிது.

மூக்குத் துண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வைத்தேன். மூன்று வெட்டுகளும் எதிர்பார்த்தபடியே மூடிக்கொண்டன, நடுக்கோடு நடுக்கோட்டோடு சேர்ந்தது. மேலே மிஸ்டர் மார்க் சாஃப்டர் தடவினேன். ஒரு நிமிடத்தில் படலம் முழுக்கச் சுருங்கியது. தண்ணீரில் நெடுநேரம் ஊறிய விரல் மாதிரி, மூக்கு முழுக்க நெளிநெளியாக. முதல் தடவை பார்க்கிறவருக்கு எல்லாம் போச்சு என்றுதான் தோன்றும். போகவில்லை. படலம் இளகிக் குழைந்து கிடக்கிறது, காயக் காயத் தானே இழுத்துக்கொண்டு மேற்பரப்போடு படியும். அந்த இருபது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். எனக்கு அது தெரியும், பத்துப் பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனாலும் மூன்றாவது வெட்டின் பக்கத்தில் ஒரு நெளிவு மற்றதைவிட உயரமாக நின்றது, அதைப் பிரஷ் முனையால் லேசாக அமுக்கினேன். பிரஷ்ஷை எடுத்தபோது அதன் நுனியில் பன்னிரண்டு ஓடுகள் ஒட்டிக்கொண்டு வந்தன. மூன்றுக்கு நான்கு மில்லிமீட்டர். அப்படியே சுருண்டு, கறுப்புப் பசை மாதிரி ஆகிவிட்டது.

அந்த நான்கு நாள் இடைவெளி அப்போதுதான்.

திரும்பி வந்து பார்த்தபோது மற்ற எல்லா நெளிவும் அடங்கி, பெயிண்ட் அடித்த மாதிரி படிந்திருந்தது. நான் தொட்ட நெளிவின் மிச்சமும் சேர்த்து. அடியில் கறுப்பு இருந்ததால் அந்த இடம் வெள்ளையாக உறுத்தவில்லை, கோடில்லாத ஒரு வெற்றுச் சதுரமாக மட்டும் தெரிந்தது. வெட்டி எடுத்த ஆப்புத் துண்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். அவற்றிலிருந்து நான்கு ஓடு நீளத்தில் இரண்டு பட்டைகள், மீதிக்கு ஒற்றை ஓடுகள் நான்கு. ஒரு மில்லிமீட்டர் சதுரத்தைத் தண்ணீரில் போட்டால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. எனவே கண்ணாடியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அதன் விளிம்பில் துண்டை வைத்தேன். காகிதம் ஈரத்தை உறிஞ்சிக் கறுத்ததும் படலம் மட்டும் இம்மியளவு நகர்ந்தது. நுனி கூரான ஈரப் பிரஷ்ஷால் தொட்டதும் அது பிரஷ்ஷோடு வந்தது. மாடலின் மேல் ஒரு துளி மைக்ரோ செட், அதன் மேல் ஓட்டை இறக்கிவிட்டேன், துளியே அதை மிதக்க வைத்து இடம்பார்க்க அவகாசம் கொடுத்தது. ஊசி முனையால் கோட்டோடு கோடு சேர்த்தேன். ஓர் ஓட்டுக்குக் கால் மணி நேரம். இந்தத் தடவை சாஃப்டரைத் தடவிவிட்டு அறையை விட்டே வெளியே போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஈரத்துணியால் மொத்த வயிற்றையும் துடைத்தேன், காய்ந்த பசை மிச்சம் இருந்தால் மேலே கிளியர் அடித்தபின் பழுப்பாகத் தெரியும். முதலில் பனி மாதிரி ஒரு மெல்லிய கிளியர் கோட், அது காய்ந்தபின் பாதிப் பளபளப்புள்ள சாட்டின் கோட்.

நேற்று இரவு விளக்கைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். ஒட்டுப் போட்ட அந்தப் பன்னிரண்டில் ஏழு ஓடுகள் அக்கம்பக்கத்தைவிடக் கொஞ்சம் கறுப்பாக இருக்கின்றன, தாளின் வேறு பகுதியிலிருந்து எடுத்தவை என்பதால். நிஜ டிஸ்கவரியிலும் மாற்றிய ஓடு அப்படித்தான் இருக்கும். அதை மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாலின் இரண்டு பக்கமும் புடைத்திருக்கும் இயந்திரக் கூடுகள் இன்னும் பாக்கி. அவை மூக்கைவிட மோசமான வளைவு, வெள்ளை ஓடுகள் வேறு, அடியில் வெள்ளை அடித்துக் காயவைத்திருக்கிறேன். இன்று இரவு இடது கூட்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி அச்சு எடுக்க வேண்டும்.